நீ ஏறிய மலையின் அடிவாரத்தில்

குணா,

நேற்று நீ போன் செய்து, "ஏம்ப்பா, நீங்களும் கேப்டனும் மலைப்பக்கம் போய்ட்டு வாரீங்களாமே, என்னை ஏன் கூப்பிடல? கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனே" என்று கேட்டாய். நான், "அப்புறமா சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அந்த அப்புறம்தான் இது. போனில் சொன்னால் நீ பாதியில் சிரித்துவிடுவாய். நீ சிரித்தால் எனக்கு மீதி வராது. கடிதத்தில் நீ எவ்வளவு சிரித்தாலும் எனக்குக் கேட்காது. நான் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போகலாம். எழுதத் தெரிந்தால் இப்படி ஒரு வசதி இருக்கிறது என்று பாக்கியம் டீச்சர் வகுப்பில் சொல்லவே இல்லை. நானாகக் கண்டுபிடித்தேன்.

என் கையெழுத்தில் உனக்கு வரும் முதல் கடிதம் இது. கோயில் மண்டபத்து வகுப்பில் என்னோடு படிக்கும் மற்ற கிழவர்கள் இன்னும் தங்கள் பெயரையே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நான் கடிதத்துக்கு வந்துவிட்டேன். நாலு நாளாக எழுதலாமா என்று யோசித்திருந்தேன். நேற்று நீ கேட்டதும் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. உன் அம்மா பக்கத்தில் வந்து நின்று, "குடுங்க, தப்பைத் திருத்தித் தாரேன்" என்றாள். இத்தனை வருடம் கல்யாணப் பத்திரிகை முதல் மருந்து பாட்டில் வரை எனக்குப் படித்துக் காட்டியவள் அவள்தான். ஆனாலும் கொடுக்கவில்லை. "உன் மகனுக்கு நீ வேற கடுதாசி எழுதிக்க" என்று சொல்லிவிட்டேன். அவள் உதட்டைச் சுழித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இப்போது அடுப்படியில் பாத்திரம் கொஞ்சம் பலமாகத்தான் சத்தம் போடுகிறது.

நேராகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உன் மாமனார் மேல் பொறாமை. எழுதி முடித்துவிட்டு இந்தச் சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது, எழுத்தில் பார்க்க அவ்வளவு மோசமாக இல்லை. சம்பந்தி நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நில அளவை இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மலையேறும் கூட்டம் ஒன்றைச் சேர்த்து வைத்திருக்கிறவர், அதனாலேயே ஊரெல்லாம் கேப்டன் என்று பெயர் எடுத்தவர். பட்டாளத்தில் ஒரு நாள்கூட இருந்ததில்லை, ஆனாலும் கேப்டன். ரேவதியை உனக்குக் கட்டிவைத்தபோது மருமகள் வருகிறாள் என்றுதான் நான் சந்தோஷப்பட்டேன். அவளுக்கு ஒரு அப்பா இருப்பார், அவர் என் மகனைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று எனக்கு யாரும் எச்சரிக்கை செய்யவில்லை.

நீங்கள் இருக்கும் கோலாலம்பூரிலிருந்து வரும்போது, சம்பந்தி வீடு இருக்கும் பீடோர் முதலில் வருகிறது. கோப்பெங் அப்புறம் வருகிறது. நம் வீடு இருக்கும் ஈப்போ அதற்கும் அப்புறம். இது நெடுஞ்சாலை போட்டவன் செய்த வேலை, உன் குற்றமில்லை என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்தேன். ஊருக்கு வரும் வாரம் நீயும் ரேவதியும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பீடோரில் இறங்குவீர்கள். சனிக்கிழமை நீயும் அவரும் ஏதோ ஒரு மலைக்குப் போவீர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குனோங் ராபாட்டுக்கு வந்து, அம்மா சமைத்ததைச் சாப்பிட்டு, கால் வலிக்கிறது என்று சோபாவில் படுத்துவிடுவாய். உன் பேச்சும் நடையும் பீடோருக்கு, குறட்டை எனக்கு. கூடவே அவர் கொடுத்தனுப்பிய கொய்யாப் பழம் ஒரு பை. அந்தப் பழத்தை நான் தொடவே மாட்டேன். "அவரு மேல கோவம்னா பழம் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று உன் அம்மா கேட்பாள். பல் கூசுகிறது என்று சொல்லிவிடுவேன். நறுக்கி உப்பும் மிளகாய்த்தூளும் தூவி அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவாள். அந்த வாசனைக்கு வாய் ஊறும். ஆனாலும் தொட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ காலுறையைக் கழற்றிக்கொண்டே அம்மாவிடம் சொன்னாய்: "காட்டுல அட்டை கடிக்காம இருக்க உப்புத் தண்ணில காலுறைய ஊற வைக்கணும்மா. கேப்டன் சொன்னாரு. அவருக்குத் தெரியாததே இல்ல." நான் பேப்பரை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். எழுத்து எல்லாம் கலங்கிப் போய்விட்டது. உனக்கு ஆறு வயதிருக்கும்போது நாம் குடியிருந்த ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால் இருந்த மலை ஓடைக்கு உன்னை யார் கூட்டிப் போனது? ஒரே ஒரு அட்டை உன் கணுக்காலில் ஒட்டியதற்கு நீ போட்ட கத்தலில், அந்தப் பக்கம் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் பாம்பு என்று ஓடி வந்தார்கள். வாயில் இருந்த புகையிலைச் சாற்றைத் துப்பி அதை விழ வைத்தது நான். பிறகு ஓடை முடியும் வரை நீ தரையில் கால் வைக்கவில்லை, என் தோளில் உட்கார்ந்து என் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு வந்தாய். நீ ஏறிய முதல் மலை என் தோள்தான். அன்றைக்கு உன் கணக்கில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. கேப்டனுக்கு உப்பு, எனக்குப் புகையிலை. அட்டை இரண்டுக்கும்தான் விழும்.

இப்போது சபா மலைக்கு வருகிறேன். "நாலு பேரும் கினபாலுவுக்குப் போலாம்பா, கேப்டன் எல்லாம் ஏற்பாடு செஞ்சிட்டாரு" என்று நீ சொன்ன அன்று நான் தரையில் நடக்கவில்லை. நீ, ரேவதி, அவர், நான் என்று நாலு பேரும் போகலாம் என்றால் நாலு பேரும் ஏறுவோம் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அடுத்த நாளே கெட்டியான அடிப்பாகம் வைத்த காலணி வாங்கினேன். காலையில் நம் வீட்டுக்குப் பின்னால் சுண்ணாம்பு மலை அடியில் இருக்கும் குளத்தைச் சுற்றி நடந்தேன். குகைக்கோயில் படியில் ஏறி இறங்கினேன். உன் அம்மா வாசலில் நின்று, "என்னைக் கட்டிக்க வரும்போதுகூட நீங்க இவ்ளோ தயாராகலயே" என்றாள். பக்கத்து வீட்டு அக்காவும் அதற்குச் சிரித்தாள். எனக்கு யார் சிரித்தாலும் கவலையில்லை. என் மகனோடு மலை ஏறப் போகிறேன், கேப்டன் பின்னால் வரட்டும் என்று நினைத்துக்கொண்டே ஏறினேன்.

மலையடியில் இருக்கும் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்த சாயங்காலம் உனக்கு நினைவிருக்கும். முட்டைக்கோஸ் விற்கும் கடைகளைத் தாண்டியதும் பஸ்ஸுக்குள்ளேயே குளிர் ஏறிவிட்டது. விடுதிக் கூடத்தில் நீயும் அவரும் மலையேறுகிறவர்களுக்கான அனுமதி அட்டை வாங்கி வந்தீர்கள். இரண்டுதான் இருந்தது. நான் மூன்றாவதற்குக் கை நீட்டியபடி நின்றேன். நீ என் கையைப் பார்த்துவிட்டு, அன்பாகத்தான் சொன்னாய்: "உங்களுக்கு முடியாதுப்பா. ரொம்ப செங்குத்து. நீங்க ரேவதிகூட கீழ இருங்க, ஜாலியா நடங்க." நான், "ஆமாமா, எனக்கு எதுக்கு" என்று சொல்லி அந்தக் கையால் தலையைச் சொறிந்துகொண்டேன். மேட்டுத் தோட்டத்தில் ரப்பர் பால் வாளியைத் தோளில் தூக்கிக்கொண்டு மழைச் சேற்றில் ஏறி இறங்கினவனிடம், அதைக் கண்ணால் பார்த்து வளர்ந்த நீ, முடியாது என்றாய். நீ சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நானே என் வாயால் முடியாது என்று சொல்லியிருப்பேன். அதைச் சொல்லும் உரிமை எனக்குத்தானே?

மறுநாள் காலையில் வானம் சுத்தமாக இருந்தது. மலை முழுதாகத் தெரிந்தது. கீழே கறுப்புப் பச்சையாகக் காடு, அதற்கு மேல் மரமே இல்லாத சாம்பல் நிறப் பாறை, உச்சியில் உடைந்த பல் மாதிரி கூர் கூராக நின்றது. மலையடிக் கதவுக்குப் போகும் வேன் வந்தது. நீ ஏறப் போகும்போது கேப்டன் உன்னை நிறுத்தி, உன் முதுகுப்பையின் வாரைப் பிடித்து இழுத்துச் சரி செய்தார். தோளைத் தட்டினார். நீ சிறுபிள்ளை மாதிரி நின்று காட்டினாய். நீ பள்ளிக்கூடம் போகும்போது பையின் வாரை இழுத்துவிட நான் வீட்டில் இருந்ததில்லை. விடியுமுன்பே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்று, கங்காணி பெயர் கூப்பிட்டதும், ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போயிருப்பேன். அதனால் அந்த வாரை எப்படி இழுப்பது என்று எனக்குத் தெரியாது. வேன் போன பிறகும் நான் அந்த மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் மேகம் வந்து அதை மூடிவிட்டது. நல்லது, மூடட்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

ரேவதி தேநீர் வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீ ஏன்மா போகல?" என்று கேட்டேன். "எனக்குப் போதும் மாமா" என்றாள். "சின்ன வயசுலருந்து எங்கப்பா என்னை மலை மலையா இழுத்துட்டுப் போய்ட்டாரு. நின்னா, நேரமாச்சு நேரமாச்சும்பாரு. ஒரு பூவைக் குனிஞ்சு பாக்க விடமாட்டாரு. உச்சிக்குப் போய் போட்டோ எடுத்துட்டு, மறுபடி இறங்கணும். இப்ப உங்க மகன் கெடைச்சிட்டாரு. நான் தப்பிச்சேன்லா." சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருத்தி தப்பித்ததற்காக என் மகனைப் பிடித்துக்கொண்டார்களே என்றுதான் இருந்தது.

அந்த இரண்டு நாளும் நாங்கள் அடிவாரப் பாதைகளில் நடந்தோம். நீ அவற்றைப் பார்க்கவே இல்லை, அதனால் சொல்கிறேன். ஓடையை ஒட்டி ஒரு பாதை போகிறது. மரத்தின் அடி முதல் நுனி வரை பாசி, ஈரத் துணியைச் சுற்றி வைத்த மாதிரி. ஆள் உயரத்துக்கு மேல் பெரணி, குடை விரித்த மாதிரி. மேகம் மேலே இருந்து வருவதில்லை, மரங்களுக்கு நடுவே நடந்து வருகிறது. வந்து உன் முகத்தைத் தொட்டுவிட்டுப் போகிறது. நம் தோட்டத்தில் மரம் என்றால் நிரை நிரையாக ஒரே மரம். இங்கே ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. தோட்டம் போட்டு வைத்திருந்த ஓர் இடத்தில் செடிகளுக்குக் கழுத்தில் பெயர் மாட்டியிருந்தார்கள். தமிழ் எழுத்து பிடிபட்ட பிறகு மலாய்மொழியை எழுதும் ரூமி என்கிற ஆங்கில எழுத்தையும் நான் கொஞ்சம் கற்றுக்கொண்டேன் அல்லவா, ஒவ்வொன்றாக நின்று வாசித்தேன். ஒரு பெயரை முடிப்பதற்குள் பின்னால் வந்த வெள்ளைக்காரர் கூட்டம் முழுவதும் தாண்டிப் போய்விடும். ரேவதி அவசரப்படுத்தவே இல்லை. நான் வாசிக்கும் நேரத்தில் அவள் குனிந்து, விரல் நகம் அளவு ஆர்க்கிட் பூவைப் பார்ப்பாள். வாழ்நாளெல்லாம் மரத்தோடு கிடந்தவன் நான். மரம் தன் பெயரைச் சொல்லி, நான் அதைக் கேட்டது அன்றைக்குத்தான்.

இரண்டாம் நாள் ஒரு காரியம் செய்துவிட்டேன். உங்களிடம் சொல்லக்கூடாது என்று ரேவதியும் நானும் பேசி வைத்திருந்தோம், இப்போது நானே உடைக்கிறேன். பாதை ஓரத்தில் ஓர் இளமரத்தைச் சுற்றி ஒரு கொடி ஏறியிருந்தது. தோட்டத்தில் இளமரத்தின் மேல் கொடி ஏறிவிட்டால் கங்காணி நம் குடும்பத்தையே இழுத்துத் திட்டுவார் என்பது உனக்குத் தெரியும். அதனால் கண்ணில் பட்டதும் கை தானாகப் போய்விடும், மனசைக் கேட்காது. நான் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். மரத்துக்கு அந்தப் பக்கம் தொங்கியதை நான் பார்க்கவில்லை. என் காலணி மேல் குளுகுளு என்று தண்ணீர் ஊற்றியது. தண்ணீரில் செத்த எறும்புகள். குனிந்து பார்த்தால், மூடி போட்ட ஜாடி மாதிரி, ஓரத்தில் சிவப்பு வரி போட்ட குடுவைகள் மூன்று கொடியோடு கீழே கிடந்தன.

"மாமா! என்ன செஞ்சீங்க!" என்று ரேவதி கத்தினாள்.

"கொடிம்மா. விட்டா மரத்தைக் கொன்னுடும்."

"ஐயோ மாமா, அது குடுவைச்செடி! இதைப் பாக்கத்தான் எல்லா நாட்டுலருந்தும் வாராங்க!"

சத்தம் கேட்டுப் பூங்காக் காவலர் பெண் ஒருத்தி வந்தாள். அந்தப் பக்கத்துக் கடசான் இனப் பெண், இருபத்தைந்து வயதிருக்கும், ஆனால் முகத்தில் துரைக்குரிய கடுமை. கொடியையும் பார்த்தாள், என் கையையும் பார்த்தாள். "பாக்சிக், சினி புக்கான் லாடாங் லா" என்றாள். பெரியவரே, இது தோட்டமில்லை என்று அர்த்தம். சம்மன் போட வேண்டிய குற்றம் என்றும் சொன்னாள். ரேவதி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இவர் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர், வயதானவர், பழக்க தோஷம் என்று மலாய்மொழியில் மன்றாடினாள். வயதானவர் என்று அவள் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அந்த நேரத்தில் மறுத்துப் பேச முடியுமா? நல்லவேளை, வேர் பிடுங்கப்படவில்லை. காவலர் பெண் கயிறு எடுத்து வந்து, கொடியை மறுபடி மரத்தில் சுற்றிக் கட்டினாள். கட்டி முடியும் வரை என்னைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னாள். நின்றேன். போகும்போது முகம் கொஞ்சம் இளகி, இந்தக் காட்டில் எது வேண்டுமானாலும் ஏறலாம், பாக்சிக், யாரும் தடுக்க மாட்டோம் என்றாள். என்னைத் தவிர என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அவள் போன பிறகு ரேவதியும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. பாதை ஓரத்து மரப்பலகையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தோம். "ஜெயிலுக்குப் போயிருந்தா பேப்பர்ல வந்திருக்கும் மாமா, நீங்களே படிச்சிருக்கலாம்" என்றாள். அன்று முழுவதும் எந்தக் கொடியைப் பார்த்தாலும் என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

சாயங்காலம் மழையில் நீங்கள் இருவரும் இறங்கி வந்தீர்கள். உனக்குக் கால் நொண்டியது, அவருக்கு இரண்டு காலும் நொண்டியது. சாப்பாட்டு மேசையில் கேப்டன்தான் பேசினார். மேகம் காலுக்குக் கீழே கடல் மாதிரி கிடந்ததாம், சூரியன் அதற்குள்ளிருந்து வந்ததாம், மாப்பிள்ளை சிறுத்தை மாதிரி ஏறினாராம். நீ தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டே சூப் குடித்தாய். "நீங்க என்ன பண்ணீங்க சம்பந்தி, போரடிச்சிருக்குமே?" என்று அவர் என்னைக் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் ரேவதி, "மாமா தோட்ட வேலை பார்த்தாரு" என்றாள். அவ்வளவுதான். அவளுக்கும் எனக்கும் அடக்க முடியவில்லை. அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள், எனக்குப் புரை ஏறிவிட்டது. "என்னம்மா சிரிப்பு?" என்று கேப்டன் கேட்டார். "ஒண்ணுமில்லப்பா." "சொல்லேன்." "ஒண்ணுமில்லப்பா, சும்மா."

அப்போது நான் அவர் முகத்தைப் பார்த்தேன். நீ பார்த்திருக்கமாட்டாய், நீ சூப்பில் இருந்தாய். சிரிப்பு வாயில் அப்படியே இருந்தது, கண்ணில் மட்டும் இல்லை. எனக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ இன்னும் பீடோரில் இருக்கும்போது, நான் சவரம் செய்யும் கண்ணாடியில் அதைத்தான் பார்ப்பேன். பாவம் என்று நான் நினைத்திருக்க வேண்டும். நினைக்கவில்லை. அந்த மலை உச்சியில் நின்று பார்த்தால் எப்படி இருக்குமோ, எனக்கு அந்த மேசையில் அப்படி இருந்தது. இன்னொரு தட்டு சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் பஸ் வருமுன் அவர் என்னிடம் தனியாக வந்தார். "சம்பந்தி, எங்கூட வந்தா அவ வாயே திறக்க மாட்டா. உங்ககிட்ட அப்படி என்ன பேசினா?"

"சும்மா, செடி கொடியைப் பத்தி."

"செடி கொடியைப் பத்தி நானும்தான் பேசுறேன். நிறுத்தாமப் பேசுறேன்."

"நான் மெதுவா நடப்பேன்" என்றேன். வேறு என்ன சொல்வது? உண்மை அதுதான். அவர் அதைப் பெரிய இரகசியம் போலக் கேட்டுக்கொண்டு போனார்.

நாம் ஊருக்குத் திரும்பி, நீங்கள் இருவரும் கோலாலம்பூருக்குப் போன பிறகு, ஒரு சனிக்கிழமை காலையில் வாசலில் கார் சத்தம் கேட்டது. கேப்டன், கையில் கொய்யாப் பையோடு நின்றார். "சம்பந்தி, வாங்க, மெதுவா நடக்கப் போலாம்" என்றார். உன் அம்மா என்னைப் பார்த்து, பல் கூசுமே என்றாள். காலணியை மாட்டினேன். கோப்பெங் பக்கம் நம் பழைய தோட்டம் இருந்த இடத்துக்கு மேலே, மலையடிக் காட்டு ஓடைக்குப் போனோம். அன்று தொடங்கி, நீங்கள் வராத எல்லாச் சனிக்கிழமையும் போகிறோம். அவருக்கு மெதுவாக நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று நீ பார்க்க வேண்டும். பத்தடி ஓடுவார், இடுப்பில் கை வைத்து நிற்பார், கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், வெட்கப்பட்டுக் கையைப் பின்னால் ஒளித்துக்கொள்வார்.

"சம்பந்தி, இந்த ஒரு மரத்தையே எவ்ளோ நேரம் பாப்பீங்க?"

"மரம் ஓடிடாது. நீங்க போங்க."

"நான் போனா உங்களுக்கு வழி தெரியாது."

"நான் பொறந்ததே இந்தக் காட்டுக்குப் பக்கத்துல. நீங்க காகிதத்துல படம் பாத்து வந்தவரு."

"அந்தப் படத்தை அளந்து போட்டவனே நான்தான்லா!"

இப்படித்தான் போகும். ஓடைக் கல்லில் உட்கார்ந்து கொய்யா சாப்பிடுவோம். ஆமாம், நானும் சாப்பிடுகிறேன், அம்மாவிடம் சொல்லாதே. ஒரு நாள் அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "ரேவதி உங்களுக்கு போன் பண்ணுவாளா?" என்று கேட்டார். வாரத்துக்கு ஒரு முறை, அதுவும் உன் அம்மாவுக்குத்தான் பண்ணுவாள். "தினமும் பண்ணுவா" என்று சொன்னேன். அடுத்த சனிக்கிழமை அவர், நான் கேட்காமலே, "மாப்பிள்ளை எனக்குத் தினமும் மெசேஜ் அனுப்புறாரு" என்றார். நீ யாருக்குமே மெசேஜ் அனுப்பாதவன் என்று எனக்குத் தெரியாதா? இரண்டு கிழவர்களும் ஒருவருக்கொருவர் பொய் சொல்லிவிட்டு, திருப்தியாகக் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

எழுதுவது எழுதுகிறேன், அப்பா என்கிற முறையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அடுத்த தடவை அந்த மாதிரி ஒரு மலைக்குப் போனால், நீ ஏறாதே. ரேவதியோடு கீழே இரு. உச்சியில் என்ன இருக்கிறது என்று நீ திரும்பி வந்து சொல்ல, அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அடிவாரத்தில் அவள் என்ன பார்த்தாள் என்று நீ ஒரு தடவையும் கேட்கவில்லை. ஓடைப் பாதையில் அவளோடு நட. அவள் குனிந்தால் நீயும் குனி. நின்றால் நில். அப்பாவிடம் வாய் திறக்காத பெண், புருஷனிடமும் வாய் திறக்காமல் போய்விடக் கூடாது. கேப்டன் இதை இப்போதுதான், இந்த வயதில், என்னோடு சண்டை போட்டுக்கொண்டு பழகுகிறார். உனக்கு அவ்வளவு நாள் எடுக்க வேண்டாம்.

சரி, நேற்று நீ கேட்டதற்குப் பதில். உன்னை ஏன் கூப்பிடவில்லை? நீ வந்தால் என்ன நடக்கும் என்று நான் யோசித்துப் பார்த்துவிட்டேன். முதல் திருப்பம் வரை மூன்று பேரும் சேர்ந்து நடப்போம். அப்புறம் உனக்குக் கால் பரபரக்கும், அவருக்கும் பரபரக்கும். அவர் கடிகாரத்தை வெளியே எடுப்பார். "நாங்க முன்னால போய் நிக்கிறோம்பா" என்பாய். அவரோடு தனியாகப் போனால் எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். நீயும் வந்தால் எனக்கு இரண்டு முதுகுதான் இருக்கும். சபாவில் வேனில் ஏறிப் போன அந்த இரண்டு முதுகையும் நான் ஒரு தடவை பார்த்துவிட்டேன், போதும். கொஞ்சம் அற்பமாகத்தான் இருக்கிறது. எழுதியது எழுதியதாக இருக்கட்டும்.

ஆனால் நீ, "கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனே" என்று சொன்னாயே, அதை நான் இரவெல்லாம் வைத்துக்கொண்டிருந்தேன். அதனால் இப்போது கூப்பிடுகிறேன். வா. சனிக்கிழமை வேண்டாம், அன்றைக்கு அவர் வந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை வா. நாம் இரண்டு பேர் மட்டும். எந்த மலை என்று நீயே பார்த்துச் சொல், எதுவானாலும் எனக்குச் சம்மதம். நான் எங்கே நிற்கிறேனோ அதுதான் அன்றைக்கு உச்சி. கேப்டன் கேட்டால் ஆபீஸ் வேலை என்று சொல்லிவிடு. ரேவதியிடமும் சொல்லாமல் வா. நல்ல பெண், எனக்கு அவள்மேல் உயிர். ஆனாலும் அவருடைய மகள்.

அப்பா